ஈலண்டு மானை எழுதியோர்

தமிழில் 'எழுதுதல்' என்னுஞ் சொல் இருபொருள் உடையது. ஓலையில் எழுத்தைப் பொறித்தலும் எழுதுதலே. சுவரில் வண்ணங்கொண்டு உருவந் தீட்டுதலும் எழுதுதலே. ஓலை எழுதினான் என்றும் ஓவியம் எழுதினான் என்றும் ஒரே வினையால் வழங்குகின்றோம். இவ்வழக்கு யாது கருதி எழுந்ததென ஆராய்தல் ஈண்டு எம் நோக்கமன்று. ஆயினும், எழுத்தென்பதையே கொண்டிராத ஒரு மக்கட்கூட்டத்தார் பாறைமேல் எழுதிவைத்த ஓவியங்களைப் பற்றிப் பேசப் புகுங்கால், அவ்விரு பொருளும் ஒருங்கே நினைவிற்கு வருகின்றன. தென்னாப்பிரிக்க மலைகளிற் சான் என்னும் தொல்குடியினர் எழுதிய ஓவியங்கள் கண்டு களித்தற்கு மட்டும் உரியனவல்ல. படித்துப் பொருளுணர்தற்கும் உரியன. அவற்றைக் கண்டோர் பலர். படிக்க அறிந்தோரோ, அவற்றை எழுதிய மக்கள் அழிந்தபின், நெடுங்காலம் ஒருவருமிலர். படிக்கும் நெறி பின்னர் எங்ஙனம் புலனாயிற்று என்பதைக் கேம் பாஸ் என்னும் ஒரு குகையை நடுவாக வைத்து இக்கட்டுரையில் விளக்க முயல்கின்றோம்.

முதற்கண் சான் மக்கள் யாவர் என்பதைச் சிறிது அறிதல் வேண்டும். வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடியும், கிழங்கும் கனியும் தேடி உண்டும், ஆப்பிரிக்காவின் தென்கோடியிற் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்தவர் அவர். பாண்டு மொழி பேசும் உழவரும் ஆயரும் வடக்கினின்று வந்து குடியேறுமுன்னரும், 1652ஆம் ஆண்டில் டச்சுக்காரர் நன்னம்பிக்கை முனையில் இறங்குமுன்னரும், அந்நிலம் அவரதாகவே இருந்தது. வெள்ளையர் அவரைப் 'புதர் மனிதர்' என்னும் பொருள்பட அழைத்தனர். சான் என்பதும் அவர்தாம் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. அண்டையிலிருந்த கொய்க்கொய் என்னும் ஆயர் இட்ட பெயரேயாம். தமக்குள் அவர்கள் ஒவ்வொரு குழுவினரும் வெவ்வேறு பெயரே வழங்கினர், மொழிகளும் வேறுவேறு. அம்மொழிகள் யாவற்றினும் நாவை மேலண்ணத்திலும் பல்லிலும் ஒட்டிச் சட்டென விடுவித்து எழுப்பும் 'சொடக்கு' ஒலிகள் மெய்யெழுத்துக்களாகப் பயில்கின்றன. தொல்காப்பியனார் பிறப்பியலில் வகுத்தோதிய ஒலிகளுள் அவற்றிற்கு இடமில்லை. ஆதலின் இக்கட்டுரையில் வரும் சான் பெயர்களை யாம் சொடக்கு நீக்கியே எழுதுகின்றோம். அப்பெயர்க்குரியார் கேட்பின் நகைப்பர் என்பதில் ஐயமில்லை.

இனி இடத்தைக் காண்போம். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் மாநிலத்திற்கும் லெசோத்தோ நாட்டிற்கும் இடையே மதில்போற் கிடப்பது டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடர். சூலு மொழியாளர் இதனை உகஹலம்பா என்பர். நிரைத்து நட்ட ஈட்டிகளாலாய அரண் என்பது அதன் பொருள். 3000 மீட்டருக்கு மேலோங்கிய அதன் சிகரங்களைக் காண்பார்க்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும். மலையின் மேற்பகுதி பண்டு எரிமலைக் குழம்பு இறுகியமையால் ஆகிய கரும்பாறை. அதன்கீழ் இருப்பது மென்மையான மணற்கல். மழையும் காற்றும் உறைபனியும் அம்மணற்கல்லை அரித்து அரித்து ஆங்காங்கே பிதுங்கிய கூரையும் உட்குழிந்த சுவரும் உடைய இடங்களை ஆக்கியுள்ளன. குகை என்றவுடன் இருண்ட முழைஞ்சினை எண்ணற்க. இவை வீட்டுத் தாழ்வாரம் போல முன்பக்கம் முழுதும் திறந்தவை, பகலொளி நிறைந்தவை, வாயிலில் நின்றால் பள்ளத்தாக்கு முழுதும் கண்முன் கிடக்கும். இத்தகைய இடங்களிலேதான் சான் மக்கள் தங்கினர், எழுதினர். இம்மலைப் பூங்காவில் மட்டும் 600க்கு மேற்பட்ட குகைகளில் ஏறக்குறைய 35,000 உருவங்கள் எண்ணப்பட்டுள்ளன. இவ்வட்டாரத்து ஓவியங்களுட் சில ஏறத்தாழ 3000 ஆண்டுப் பழமையுடையன என்று கரிக்கதிர் ஆய்வு காட்டுகின்றது; சிலவற்றிலோ குதிரையேறித் துப்பாக்கி தாங்கிய வெள்ளையரும் காணப்படுதலின் அவை 19ஆம் நூற்றாண்டின. இரண்டிற்கும் இடையே இத்துணைக் காலம் அறாது தொடர்ந்த கலைமரபுகள் உலகில் அரியவே.

அம்மலையின் காம்பெர்க் என்னும் பகுதியில், புல்வெளிச் சரிவின்மேல் ஏறிச் சென்றால் அடைவது கேம் பாஸ் குகை. அதன் சுவரில் முதலிற் கண்ணைக் கவர்வன ஈலண்டு மான்கள். ஈலண்டு என்பது மானினத்துட் பெரியது. முதிர்ந்த ஆண் 900 கிலோகிராம் வரையும் எடை கொள்ளும். அம்மான்களின் உடலுக்குச் செந்நிறமும், கழுத்து, வயிறு, கால்களுக்கு வெண்ணிறமும் ஊட்டி, ஒன்று மற்றொன்றில் எல்லை தெரியாமற் கரையுமாறு தீட்டியுள்ளனர். கழுத்துத் தொங்கலின் மடிப்பும் குளம்பின் பிளவும் மயிர்போல் நுண்ணிய கோடுகளால் அமைந்தன. ஒரு மானின்மேல் மற்றொன்றாகவும் பல எழுதப்பட்டுள்ளன. இவற்றைக் கண்டு வியந்து நிற்போர் பலரும், பெருமான் கூட்டத்தினின்று ஒதுங்கியிருக்கும் ஒரு சிறு காட்சியைக் காணாமலே போதலும் கூடும். அக்குகை உலகப் புகழ் எய்தியது அச்சிறு காட்சியாலேயே.

ஓர் ஈலண்டு தலை தாழ்த்து நிற்கின்றது. பிடரிமயிர் சிலிர்த்துள்ளது. பின்னங்கால்கள் இரண்டும் ஒன்றன்மேலொன்று பின்னித் தடுமாறுகின்றன. நச்சம்பு பட்டு உயிர் பிரியுந் தறுவாயில் அம்மான் எவ்வாறு நிற்குமோ அவ்வாறே வேடன் கண்டு எழுதியுள்ளான். ஈதொரு வேட்டைப்படம் என்று சொல்லி அப்பாற் போய்விடலாம்; ஆனால், அதன் பின்னே ஒருவன் நிற்கின்றான். மானின் வாலை ஒரு கையாற் பற்றியிருக்கின்றான். அவன் கால்களும் மானின் கால்களைப் போலவே ஒன்றன்மேலொன்று பின்னியுள்ளன. உற்று நோக்கின், அவனுக்கு அடியில் மனிதப் பாதம் இல்லை, குளம்பு இருக்கின்றது! அருகே நிற்கும் வேறு சில உருவங்களும் மக்களும் விலங்குமாய்க் கலந்தவை. சாகின்ற மானின் வாலைப் பிடித்துத் தானும் அதுவாகி நிற்கும் இவன் யார்?

இவ்வினாவிற்கு முன்னாளில் வந்த ஐரோப்பியர் கூறிய விடைகள் பலவகை. வேலையற்ற வேடர் பொழுதுபோக்கிற்குக் கிறுக்கியவை என்றனர் சிலர். வேட்டை வாய்க்கும்பொருட்டுச் செய்த மந்திரம் என்றனர் வேறு சிலர். தாம் கொன்ற விலங்கின் கணக்கு என்பாரும் உளர். விலங்குமுகம் உடையோர் தோல் போர்த்து மறைந்து செல்லும் வேடரே என்பதும் ஒரு கருத்து. இவற்றினும் கொடிய கருத்து ஒன்றுண்டு. இத்தகு நுண்கலை சான் மக்கள் கைவரத்தக்கதன்று, பிறநாட்டார் யாரோ வந்து எழுதியிருத்தல் வேண்டும் என்பது அது. நமீபியா நாட்டின் பிராண்ட்பெர்க் மலையில் 1918ஆம் ஆண்டில் ஒரு ஜெர்மானியர் கண்ட ஓவியத்திற் கால்வரை வெண்ணிறம் பூசிய உருவமொன்று உள்ளது. பிரான்சு நாட்டுப் பேரறிஞராகிய பாதிரியார் ஹென்றி பிரேய், 1940களில் அதனை ஆராய்ந்து, அது மத்தியதரைக் கடற்பகுதியினின்று வந்த ஒரு மங்கையின் உருவம் என்று எழுதினார். 'வெள்ளை மாது' என்று உலகெங்கும் பெயர் பரவிற்று. பின்வந்தோர் பொறுமையுடன் ஆராய்ந்ததில், அஃது ஐரோப்பியரும் அன்று, மாதும் அன்று. வில்லேந்திய ஓர் ஆடவன், சான் மக்களால் சான் மரபில் எழுதப்பட்டவன் என்பது தெளிவாயிற்று. புகழ்பெற்ற அறிஞர்தம் கண்ணும் முன்னரே கொண்ட கருத்தின் வழியே காணும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

வேட்டைக் கணக்கு என்னுங் கொள்கை எண்ணிப் பார்த்த அளவிலேயே வீழ்ந்தது. 1960கள் தொடங்கி இருவர் இம்மலையில் ஓவியங்களை ஒவ்வொன்றாகப் படியெடுத்து எண்ணினர். ஹரால்ட் பாகர் என்பார் நெடேமா என்னும் ஒரே பள்ளத்தாக்கில் 17 குகைகளில் 3909 உருவங்களை எண்ணி 1971இல் நூலாக்கினார். பட்ரீசியா வின்னிகோம் என்னும் அம்மையார் தென்பகுதியில் 8000க்கு மேற்பட்டவற்றை எண்ணி 1976இல் வெளியிட்டார். குகைத்தரையை அகழ்ந்து எடுத்த எலும்புகள் அம்மக்கள் மிகுதியாக உண்டவை சிறு மான்களே என்று காட்ட, சுவரிலோ ஈலண்டே மிக்கும் சிறந்தும் விளங்கிற்று. உண்டதை எழுதினாரல்லர், எண்ணியதை எழுதினர். ஆயின் அவர் எண்ணியது யாது? இதற்கு விடை கூற வல்லார் அம்மக்களே. அவரோ அம்மலையில் இலர். விடை இரண்டு இடங்களில், ஏட்டில் எழுதப்பட்டு, ஏறக்குறைய நூறாண்டு படிப்பாரற்றுக் கிடந்தது.

முதலிடம் லெசோத்தோவின் மலோட்டி மலை. 1873ஆம் ஆண்டின் இறுதியில் ஜோசப் ஆர்ப்பென் என்னும் ஆங்கில ஆட்சியலுவலர், கலகஞ்செய்த தலைவரொருவரைத் தேடும் பணியில் அம்மலைக்குட் புகவேண்டியிருந்தது. வழிகாட்ட அமர்ந்தவன் கிங் என்னும் சான் இளைஞன். அதற்கு முன் வெள்ளையரைப் போர்க்களத்திலன்றிக் கண்டறியாதவன் அவன். இரவில் தீயருகே அமர்ந்து புகைத்துக்கொண்டு அவன் தன் மக்களின் கதைகளைக் கூற, ஆர்ப்பென் குறித்துக்கொண்டார். வழியில் சேஹோங்ஹோங், மெலிக்கானே என்னும் குகைகளில் இருந்த ஓவியங்களைப் படியெடுத்து, மான்தலையுடைய மனிதர் யாவர் என்று வினவினார். கிங் கூறிய விடை விடுகதையினும் கடியது: அவர் இறந்துபோனவர், இப்பொழுது ஆற்றினுள் வாழ்கின்றவர், ஈலண்டுகள் கெட்ட காலத்தே தாமும் கெட்டவர், ஓவியத்திற் காணும் ஆடலாலே அவ்வாறு ஆனவர் என்பது. இறந்தவர் எங்ஙனம் வாழ்தல் கூடும்? ஆற்றினுள் வாழ்வதென்றால் யாது? ஆடலால் ஒருவர் கெடுதல் எங்ஙனம்? ஆர்ப்பெனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆயினும், தமக்கு விளங்காததைத் திருத்தாமலும் விடாமலும் கேட்டவாறே எழுதி 1874இல் கேப் நகரத்து மாத இதழொன்றில் வெளியிட்டார். இதற்காக அவரை எத்துணைப் போற்றினும் தகும்.

இரண்டாம் இடம் கேப் நகரத்தில் ஒரு வீடு. வில்லெம் பிளேக் என்னும் ஜெர்மன் மொழியறிஞர் அவ்வூரில் வாழ்ந்தார். 1870ஆம் ஆண்டில், துறைமுகத்து அலைதடுப்புச் சுவர் வேலைக்கென வைக்கப்பட்ட கைதிகளுள், வடக்கே வறண்ட நிலத்தினின்று பிடித்துவரப்பட்ட சான் மக்கள் சிலர் இருப்பதை அறிந்தார். அரசினரிடம் இசைவு பெற்று அவருட் சிலரைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவரும் அவர்தம் மைத்துனியார் லூசி லாயிட் அம்மையாரும் அக்கைதிகளிடம் மாணவராய் அமர்ந்து சாம் என்னும் அவர் மொழியைக் கற்றனர். சொல்லச் சொல்ல, சாம் மொழி ஒரு பத்தியிலும் ஆங்கிலம் ஒரு பத்தியிலுமாக எழுதினர். அவ்வாசிரியருட் சிறந்தவர் கப்போ என்னும் முதியவர். பசித்த காலத்துப் பிறர் கால்நடையைக் கவர்ந்தமையே அவர் செய்த குற்றம். தண்டனைக்காலம் தீர்ந்தபின்னும், ஊர் திரும்பும் வேட்கை மிக உடையராயினும், தம் மக்களின் கதைகள் புத்தகத்தின் வாயிலாகப் பிறர்க்குத் தெரிதல் வேண்டும் என்று விரும்பி அவர் சிறிது காலம் தங்கினார். பிளேக் 1875இல் மறைந்தார். லாயிட் அம்மையார் பணியை விடவில்லை. 12,000 பக்கங்களுக்கு மேற்பட்ட அக்குறிப்பேடுகளிற் சிறு பகுதியே 1911இல் அவர் முயற்சியால் நூலாக வெளிவந்தது. இன்று சாம் மொழியைப் பேசுவார் ஒருவரும் இலர். அம்மொழியில் எஞ்சியதெல்லாம் பெரும்பாலும் அவ்வேடுகளே. 1997இல் உலக நினைவேட்டில் அவை சேர்க்கப்பட்டன.

இவ்விரண்டு இடங்களும் ஒருமுறை ஒன்றையொன்று தொட்டன. ஆர்ப்பென் எடுத்த படிகள் பிளேக்கின் கைக்கு வந்தன. அவர் அவற்றைத் தம் வீட்டிலிருந்த தியாக்வைன் என்பவர்க்குக் காட்டினார். அவர் மலோட்டி மலையைக் கண்டவரல்லர். கிங்கின் மொழியையும் அறியார். பல நூறு மைல் அப்பாற் பிறந்தவர். ஆயினும், ஒரு படத்திற் கயிறிட்டு இழுத்துச் செல்லப்படும் விலங்கைக் கண்டவுடன், அது மழைவிலங்கு என்றும், மழைவேண்டுவோர் அதனை நீரினின்று பிடித்து வறண்ட நிலத்தின்மேல் நடத்திச் செல்வர் என்றும் விளக்கினார். அப்படங்களைப் பார்த்த பிளேக்கும், இவை வெறும் விளையாட்டல்ல, அம்மக்கள் உள்ளத்தை மிக ஆழமாக அசைத்த சமய எண்ணங்களின் வடிவம் என்று உடனே எழுதினார். எழுதி ஓராண்டில் இறந்தார். அக்கருத்தை ஏற்று வளர்ப்பாரின்றி அது கிடந்தது.

அவ்வேடுகளை ஓவியங்களுக்கு அருகே வைத்துப் படிக்கலாம் என்று உணர்ந்தவருள் வின்னிகோம் அம்மையார் முற்பட்டவர். அந்நெறியைக் கொள்கையாக நிறுவியவர் டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ் என்னும் தென்னாப்பிரிக்க ஆராய்ச்சியாளர். அவர் நூல் 1981இல் வெளிவந்தது. மூன்றாவதாகவும் ஒரு சான்று அவர்க்கு உதவிற்று. கலகாரிப் பாலையில் சான் மக்கள் இன்றும் வாழ்கின்றனர். அவர்தம் மருத்துவ ஆடலை 1950களில் லோர்னா மார்ஷல் என்னும் அமெரிக்க அம்மையார் உடனிருந்து கண்டு எழுதியுள்ளார். அவ்வாடலை ஈண்டுச் சிறிது விரித்துரைத்தல் இன்றியமையாதது.

இரவில் தீ மூட்டிப் பெண்டிர் அதனைச் சுற்றி நெருங்கி அமர்வர், கைதட்டிப் பாடுவர். ஆடவர், காலிற் கட்டிய பட்டுப்புழுக் கூட்டுச் சதங்கைகள் ஒலிப்ப, அவரைச் சூழ வட்டமாய் ஆடுவர். மணலிற் பள்ளம் விழும் அளவிற்கு நெடுநேரம் அடியிட்டு ஆடுவர். பாட்டிற்கும் ஆடலுக்கும் ஓராற்றல் உண்டு. அது பெருவிலங்குகளிடத்தும் உறைவது. ஈலண்டினிடத்து மிகுதியும் உறைவது என்பது அவர் கொள்கை. அவ்வாற்றல் ஆடுவோன் வயிற்றிற் கொதித்து முதுகுத்தண்டின் வழியே மேலேறும். வயிறு சுருங்கி அவன் முன்குனிவான், வியர்வை ஒழுகும், உடல் நடுங்கும், கால் பின்னும், தடுமாறி வீழ்வான். சாம் மக்களின் மருத்துவர்க்கு மூக்கினின்று குருதி ஒழுகும் என்றும், அதன் மணத்தால் நோய் விலகும் என்றும் தியாக்வைன் கூறினார். வீழ்ந்தவனை மற்றையோர் 'இறந்தான்' என்றே கூறுவர். அவன் உயிர் உடலைவிட்டு ஆவியுலகிற்குச் சென்று, நோயாளியின் பிணியோடு போராடி மீளும் என்பர். அச்செலவை நீரினுள் மூழ்கிச் செல்வதாகவும் அவர் கூறுதல் உண்டு. மூச்சடைப்பும், காதில் இரைச்சலும், உடல் எடையற்று மிதத்தலும் இரண்டிற்கும் ஒத்தனவன்றோ?

இப்பொழுது கிங் கூறிய விடுகதை அவிழ்கின்றது. இறந்தவர் என்றது ஆடலில் உணர்விழந்தோரை. ஆற்றினுள் வாழ்வோர் என்றது ஆவியுலகு புக்கோரை. ஆடலாற் கெட்டோர் என்றது அவ்வாற்றலால் தம் இயல்பு திரிந்தோரை. ஈலண்டுகள் கெட்ட காலத்தே என்றது யாது? அதற்குக் கேம் பாஸ் குகையின் அச்சிறு காட்சியே விடை. நஞ்சேறிய ஈலண்டும் தலை தாழ்க்கும், வியர்க்கும், நடுங்கும், மயிர் சிலிர்க்கும், கால் பின்னி வீழும். ஆடுவோனும் அங்ஙனமே. மான் சாகும்போது அதனிடத்திருந்து வெளிப்படும் ஆற்றலைப் பற்றிக்கொண்டு அவன் தானும் 'சாகின்றான்'. வாலைப் பற்றிய கையும் பின்னிய காலும் குளம்பும் இதனையே கூறுகின்றன. எகிப்து நாட்டில் 1799இல் எடுத்த ரோசெட்டாக் கல்லில் ஒரே செய்தி வெவ்வேறு எழுத்தில் இருந்தமையால் 1822இல் ஷாம்போலியன் அந்நாட்டுச் சித்திர எழுத்தைப் படித்தறிந்தார் என்பது யாவரும் அறிந்தது. மானும் மாந்தனும் ஒரே நிலையில் அருகருகே எழுதப்பட்ட கேம் பாஸ் பாறையையும் சான் ஓவியத்தின் ரோசெட்டாக் கல் என்றே ஆராய்ச்சியாளர் வழங்குகின்றனர்.

தமிழிலக்கணம் பயில்வார்க்கு இம்முறை புதிதன்று. கூறிய பொருளின் உள்ளே கூறாத பொருளொன்றை ஒன்றற்கொன்று ஒப்ப அமைத்து, கேட்போன் தானே உய்த்துணருமாறு விடுதலை உள்ளுறை உவமம் என்கின்றோம். அதற்கு விலங்கும் புள்ளும் மரமுமாகிய கருப்பொருளே நிலைக்களன். சான் ஓவியனும் மானை எழுதினான்; மாந்தனை உணர்த்தினான். இவ்வொப்புமை கொண்டு இரு மக்கட்கும் உறவு கற்பித்தல் எம் கருத்தன்று. அத்தகைய ஆரவாரம் ஆராய்ச்சிக்கு ஆகாது. அயலது ஒன்றை விளங்கிக்கொள்ள நம் கையிலிருக்கும் கருவி உதவுகின்றது என்பதே யாம் கூற வந்தது.

இக்கொள்கையை எல்லாரும் உடன்பட்டனர் என எண்ணற்க. ஆன் சாலமன் என்னும் அம்மையார், மான்தலை மாந்தர் ஆடலில் மயங்கியோரல்லர், உண்மையிலேயே இறந்த முன்னோரின் ஆவிகளே என்று வாதிடுகின்றார். கிங்கின் சொல்லை அவர் உவமையாகக் கொள்ளாது நேர்பொருளாகவே கொள்கின்றார். ஒவ்வோர் ஓவியத்தையும் ஆடல் என்னும் ஒரே திறவுகோலால் திறக்க முயல்வோரை நோக்க, இம்மறுப்பு வேண்டுவதே என்று எமக்குத் தோன்றுகின்றது. எனினும், கேம் பாஸ் காட்சிக்கு ஆடல்வழிப் பொருளே பொருந்துவதாக யாம் கருதுகின்றோம். ஏனெனில், அங்கே மானும் மாந்தனும் கால் பின்னி நிற்றல் தற்செயலாக நேர்ந்திருத்தல் அரிது.

ஈலண்டை ஏன் தேர்ந்தனர் என்பதற்கும் கிங் ஒரு கதை விட்டுச்சென்றான். உலகைப் படைத்த காக்ன் என்பவன் முதல் ஈலண்டை மலைப்பிளவு ஒன்றில் மறைவாக வளர்த்துவந்தான். அவன் இல்லாதபோது, அஃதின்னதென அறியாத அவன் மக்கள் அதனைக் கொன்றுவிட்டனர். மீண்டு வந்த காக்ன் சினந்தான். சிந்திய குருதியைக் கலத்திலிட்டுக் கடையுமாறு பணித்தான். தெளித்த துளிகள் பாம்பாயின; மறுபடி தெளித்தவை வேறு மானாயின; நெஞ்சின் கொழுப்பையும் சேர்த்துக் கடைந்து தெளித்தபோதே ஈலண்டுகள் கூட்டங் கூட்டமாகத் தோன்றி மலையை நிறைத்தன. அன்றுதொட்டு அவை வேட்டைக்குரியவாயின. ஓர் இளைஞன் முதல் வேட்டையும், ஒரு மங்கையின் பூப்பும், திருமணமும் ஆகிய வாழ்க்கைத் திருப்பம் ஒவ்வொன்றிலும் சான் மக்களிடையே ஈலண்டிற்கு இடமுண்டு.

இத்தகைய மக்கள் எங்குப் போயினர்? இதனைச் சுருங்கக் கூறுதலே எம்மால் இயலும். குடியேறியோர் வேட்டை விலங்குகளைச் சுட்டு ஒழித்தனர், நீர்நிலைகளைக் கைப்பற்றினர். இரைக்கு வழியற்ற சான் மக்கள் மாடும் குதிரையும் கவர்ந்தனர். அதற்காகப் படை திரட்டி அவரை வேட்டையாடினர். ஆடவரைக் கொன்று சிறுவரை ஏவலராகக் கொண்டுசென்றனர். 1860ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையினின்று சென்ற ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகளாக நம்மவரை நேட்டாலின் கடற்கரையில் இறக்கிற்று. அவர் கரும்பு வெட்டிய அவ்வாண்டுகளிலேயே அந்நாட்டின் மேற்கெல்லை மலையில் இவ்வேட்டை முடிவை எட்டிக்கொண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இம்மலையில் தனித்து வாழ்ந்த சான் கூட்டம் இல்லையாயிற்று. எஞ்சியோர் சூலு, சோத்தோ, சோசா மக்களோடு மணந்து கலந்தனர். ஜார்ஜ் ஸ்டோ என்பார் எழுதி, அவர் இறந்தபின் 1905இல் வெளிவந்த நூலில் ஒரு செய்தி உள்ளது. விட்டெபெர்க் பகுதியிற் சுட்டுக்கொல்லப்பட்ட ஒரு சான் மனிதன் இடையில் ஒரு தோற்கச்சை கட்டியிருந்தான்; அதில் பத்துச் சிறு கொம்புகள் தொங்கின; ஒவ்வொன்றினுள்ளும் வெவ்வேறு வண்ணம் இருந்தது.

அவ்வண்ணங்களின் செய்முறையை அறிந்த ஒருவர் 1930ஆம் ஆண்டுவரை இருந்தார். மபோட்டே என்னும் அம்முதியவர் லெசோத்தோவில் வாழ்ந்த பூத்தித் தலைவர் மொரோசியின் மகன். இளமையில் தம் தந்தைக்குச் சான் மனைவியர் வயிற்றிற் பிறந்த உடன்பிறந்தாரோடு குகையில் எழுதப் பழகியவர். மேரியன் ஹௌ என்னும் ஆங்கில அம்மையார் கேட்டுக்கொண்டமையால் அவர் எழுதிக்காட்டினார். மலையுச்சியிற் கிடைக்கும் ஒருவகைச் செங்காவிக்கல்லைத் தீயிற் காய்ச்சிக் கற்களிடையே பொடி செய்தல் வேண்டும். அதனைக் குழைத்தற்கு அப்பொழுதே கொன்ற ஈலண்டின் குருதி வேண்டும் என்றார். ஈலண்டிற்கு எங்கே போவது? எருதின் குருதியே கொடுத்தனர். முதலில் எதனை எழுதுவீர் என்றதற்கு, அப்பகுதிச் சான் மக்கள் ஈலண்டைச் சேர்ந்தவர் ஆதலின் ஈலண்டையே எழுதுவேன் என்று கூறி அவ்வாறே எழுதினார். 1980களில், சான் தந்தைக்குப் பிறந்த ஒரு மூதாட்டி மற்றொன்றும் கூறினார்: ஈலண்டுக் குருதி கலந்த ஓவியத்தில் ஆற்றல் தங்கியிருக்கும், ஆடுவோர் அதன் பக்கம் திரும்பிக் கையுயர்த்துவர், ஆற்றல் அவர்க்குள் பாயும் என்று. ஆகவே பாறையில் எழுதிய மான் மானைக் குறிக்கும் குறி மட்டுமன்று. அவர்க்கு அது தொட்டு ஆற்றல் பெறத்தக்க பொருளாகவும் இருந்தது.

இந்நிலையிற் பாதுகாப்பு என்பது எளிதான செயலன்று. 1917இல் லிண்டன் என்னும் பண்ணையிலிருந்த ஓவியப் பாறையொன்றை வெட்டியெடுத்துக் கேப் நகர அருங்காட்சியகத்திற்குக் கொண்டுசென்றனர். அக்கல் பிழைத்தது, அஃதிருந்த குகை சிதைந்தது. 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் விடுதலை பெற்ற தென்னாப்பிரிக்கா புதிய அரசுச் சின்னம் ஏற்றபோது, அக்கல்லில் உள்ள ஓர் உருவத்தையே இரண்டாக்கி எதிரெதிர் நின்று வாழ்த்துவதாக நடுவில் அமைத்தது. வேறுபட்டோர் ஒன்றுகூடுக என்னும் அதன் குறிக்கோள் தொடரும் சாம் மொழியிலேயே உள்ளது. பேசுவார் எவருமில்லாத மொழியில் ஓர் அரசு தன் குடிகளை அழைப்பது வியப்பே. மன்னிப்பா, அணிகலனா என்று கேட்பாரும் உளர். இரண்டும் கலந்ததென்றே எமக்குத் தோன்றுகின்றது. அதே 2000ஆம் ஆண்டில் டிராக்கன்ஸ்பெர்க் பூங்கா உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாயிற்று. 2013இல் லெசோத்தோவின் சேலாபதேபே பூங்காவும் அதனோடு இணைக்கப்பட்டது.

கேம் பாஸ் குகையைப் பொறுத்தவரை, பழைய பார்வையாளர் செய்த தீங்கு சிறிதன்று. நிறம் எடுப்பாகத் தோன்றும்பொருட்டு ஓவியங்களின்மேல் நீர் தெளித்துப் படம்பிடிப்பது இம்மலையெங்கும் வழக்கமாயிருந்தது. நீர் பட்டுப் பட்டு மணற்கல் பொரிந்து உதிரும். பெயரைக் கீறிச் சென்றோரும் உளர். மருந்தென நம்பி வண்ணத்தைச் சுரண்டிய நாட்டு மருத்துவரும் உளர். அவரை முன்னையோரோடு ஒருங்கு வைத்து இகழ்தல் கூடாதென்பது எம் கருத்து. அவ்வோவியத்தில் ஆற்றல் உண்டென்று எழுதினோரே நம்பினரல்லவா? இன்று தீண்டலாகாது, தீ மூட்டலாகாது என்று சட்டம் காக்கின்றது. ஆனால், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மலையடியில் வாழும் தூமா குலத்தார், தாம் சான் மக்களின் வழித்தோன்றல்கள் என்று வெளிப்படக் கூறி, முன்னோரை வழிபட இக்குகைக்கு ஏறிவந்து ஈலண்டின் பெயரால் ஒரு சடங்கு நடத்தத் தொடங்கினர். அதற்கு முன் நெடுங்காலம், சான் குருதி உண்டென்று கூறுதல் இழிவும் இடருமாய் இருந்தமையின், அவர் சூலுக்களாகவே வாழ்ந்துவந்தனர். வழிபட வருவார்க்கு ஓவியம் அருகே நெருங்குதலும் புகையிடுதலும் சடங்கின் கூறுகள். காப்போர்க்கு அவையே பாறையின் பகைகள். இருதிறத்தார்க்கும் நேர்ந்த இம்முரணை ஆராய்ச்சியாளர் பலர் எழுதியுள்ளனர், முற்றும் தீர்ந்தபாடில்லை. இப்போது வழிகாட்டி உடன்வராமல் எவரும் அக்குகைக்குச் செல்லலாகாது. அவ்வழிகாட்டிகளோ அம்மலையடிச் சிற்றூர்களிற் பிறந்தவர்களே. அவர்கள் கையிலுள்ள கோலால், பாறையைத் தொடாமல், முதலிற் பெரிய ஈலண்டுகளைக் காட்டுவர்; பிறகு ஒதுங்கியிருக்கும் அச்சிறு மானையும் அதன் வாலைப் பற்றியிருப்பவனையும் காட்டி, அவன் கால்களை நோக்குமாறு கூறுவர்.